பேருந்து நிறுத்தத்து எல்டர்

உத்தரவு ஒரே வரி:
நிறுத்தத்தின் பின்னால் உள்ள எல்டர் புதரை அகற்றவும்.
கீழே மேலாளர் போய்சனின் கையெழுத்து,
ஒரு காபிக் கறை.

காரணம் ஊருக்கே தெரியும்.
பள்ளிப் பேருந்துக்கு நின்ற யோரிஸ்
கறுத்துத் தொங்கிய குலையைப் பச்சையாகவே தின்றான்.
மார்னே போய்ச் சேரும்வரை வாந்தி.
அவன் அம்மா எழுதினாள்.
பெஞ்சில் ஊதாக் கறை என்று இன்னொருவர் எழுதினார்
(குருவிகள் தின்றதை எங்கே கொண்டுபோய் வைக்கும்?).
வேகவைக்காமல் தின்றது ஒரு வாய்,
வெட்டுப்படப் போவது ஒரு மரம்.

செப்டம்பர் முடியும்வரை புதரில் கை வைக்கச் சட்டம் விடாது.
அக்டோபர் இரண்டாம் தேதி,
வாய்க்கால் மேல் மூடுபனி கலையுமுன்
வண்டியை ஓரங்கட்டினோம்.

ஓக்கே இறங்கவில்லை.
"ஹைல்கே, கேட்டுட்டு வெட்டு."
யாரை?
"அவளை" என்று தாடையால் காட்டினான்.

இந்தப் பக்கம் எல்டருக்குள் ஒருத்தி குடியிருக்கிறாள்.
தொப்பியைக் கழற்றிக் குனிந்து கேட்டால்
கட்டை தருவாள்.
கேளாமல் எடுத்துத் தொட்டில் செய்தால்
பிள்ளையின் காலைப் பிடித்து இழுப்பாள்.
வரியைக்கூடக் கைபேசியில் கட்டுகிறவன் ஓக்கே.
இறங்கவில்லை.

எனக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது.
தலைக்கவசத்தைக் கழற்றினேன்.
வியர்வை.
அது கணக்கில் சேராது.

ரம்பம் பட்டதும் ஒரு நாற்றம்,
பூனை ஒதுங்கிய மூலை போல.
ஜூனில் இதே மரம்
நுரை நுரையாய்ப் பூத்து, போகிற பஸ்ஸெல்லாம் மணத்தது.
மழைக்கு மறுநாள் பறித்தால் அந்தப் பூவும் பூனைதான்.
காய்ந்த நாளில், பதினோரு மணி வெயிலில் கொத்தாய் நறுக்கி
மாவில் தோய்த்துப் பொரித்தால்
காம்பைப் பிடித்துக்கொண்டு பூவை மட்டும் கடிக்கலாம்.
சர்க்கரைத் தண்ணீரில் ஊறப்போட்ட என் புட்டிகள்
நிலவறையில் ராத்திரி இரண்டு மணிக்கு வெடித்தன.
மேல்வீட்டு ஹார்ம்ஸ் போலீசைக் கூப்பிட்டுவிட்டார்.

வெட்டிய கிளைக்குள் வெள்ளை நெட்டி.
கட்டைவிரல் வைத்தால் அமுங்குகிறது.
இத்தனை மெத்தென்ற நடுவை வைத்துக்கொண்டா
கடற்காற்றை இவ்வளவு காலம் எதிர்த்தாய்?
கேட்டேன்.
மோட்டார் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

கடைசிக் குலைகள் ஒரு வாளி தேறின.
முள்கரண்டியால் உருவி, பச்சைக்காய் பொறுக்கி,
கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி வடித்தேன்.
கொஞ்சம் அன்றைக்கே சூப்:
ஆப்பிள் துண்டு, ரவை உருண்டை,
பல் இரண்டு நாளைக்கு ஊதா.
மிச்சம் ஐந்து புட்டி.

ஜனவரியில் கதவு தட்டினாள் யோரிஸின் அம்மா.
பையனுக்கு மூன்று நாளாய்க் காய்ச்சல்.
மருந்துக்கடைக்காரி சொன்னாளாம், உங்களிடம் சாறு இருக்கிறதென்று.
"நன்றாகக் காய்ச்சியதுதானே?"
ஆமாம்.
"நிச்சயமாக?"
ஆமாம்.
இரண்டு புட்டி கொடுத்தேன்.
எந்த மரம் என்று அவள் கேட்கவில்லை,
நானும் வாய் திறக்கவில்லை.
வாசல் விளக்கில் அவள் மப்ளரில் பனி உருகிக்கொண்டிருந்தது.

காய்ச்சல் இறங்கியது.
சூடாய்க் குடித்த சாற்றாலா, மாத்திரையாலா,
வியாழக்கிழமை வந்துவிட்டதாலா, தெரியாது.
புட்டிகள் கழுவித் திரும்பி வந்தன.
ஒன்றில் மட்டும் மூடி இல்லை.

மே மாதம்
அடிக்கட்டை முழ உயரம் துளிர்த்துவிட்டது.
போய்சனிடமிருந்து மறுபடி ஒரு வரி.
அக்டோபர் வரை தொட முடியாது என்று பதில் எழுதினேன்.

இன்னொன்றையும் எழுதியிருக்கலாம், எழுதவில்லை:
வெட்டிய அன்றே, இரண்டு கணு மண்ணுக்குள்ளும்
இரண்டு கணு வெளியிலுமாக
கிடங்கின் உப்புக் கொட்டகைக்குப் பின்னால்
ஒன்பது போத்து ஊன்றியிருந்தேன்.
ஆறு பிழைத்தது.

நேற்றுப் போய்ப் பார்த்தால் ஐந்துதான்.
ஆறாவது இருந்த இடத்தில்
ஈரக் குழி.

ஓக்கேயைப் பார்த்தேன்.
பூட்ஸ் மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னான்:
"கேட்டுட்டுத்தான் எடுத்தேன்.

உன்னை இல்ல."